பெயரை வெட்டும் முன் பட்டியலைக் காட்டுங்கள்

நகரப் போர் நினைவுச் சின்னக் குழுவினருக்கு,

வணக்கம்.

புதிய பெயர்ப்பலகையின் திறப்பு விழாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கார்கிலில் மகனைப் பறிகொடுத்த பெரியவர் மாலையோடு வந்து கல்லில் பெயரைத் தேடினார். பெயர் இருந்தது. இனிஷியல் வேறு. அந்த ஒற்றை எழுத்து அவர்தானே ஐயா? அதை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார், மாலையைக் கீழே வைத்தார், போய்விட்டார். “பசை வைத்து அடைத்து, மேலே பெயிண்டில் எழுதிவிடலாம்” என்பது நீங்கள் தந்த பதில்.

முடியாது. பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில் மணல் வீசி வெட்டிய எழுத்தை அழிக்க வழியில்லை. எபாக்சி பசை நிரப்பினால் வெயிலில் மஞ்சளடிக்கும். வெப்பத்தில் கல்லும் பசையும் ஒரே அளவு விரிவதில்லை என்பதால் ஓரத்தில் கீறல் விட்டு, அடைத்த எழுத்து மறுபடி தலைகாட்டும். ஒன்று, முகப்பு முழுவதையும் எழுத்தின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்கி, பாலிஷ் போட்டு, எல்லாப் பெயர்களையும் புதிதாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் கல்லையே மாற்ற வேண்டும். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் பெயர்ச் சுவர்களால் ஆன தியாக சக்கரத்தைப் பாருங்கள். 25,000-க்கும் மேற்பட்ட வீரர்கள், ஆளுக்கொரு தனிக்கல். அங்கே பிழை வந்தால் ஒரு கல்லைக் கழற்றினால் போதும். நீங்களோ ஒரே பலகையில் அத்தனை பேரையும் நெருக்கியிருக்கிறீர்கள்.

பிழை கல்தச்சரிடம் பிறக்கவில்லை, அவர் கைக்குப் போன தாளிலேயே இருந்தது. படைப் பதிவேட்டில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். சிலருக்குத் தகப்பன் பெயர் விரிந்து முன்னாலும், சிலருக்குப் பின்னாலும் நிற்கும். அதைத் தமிழில் ஏற்றுபவர் எது இனிஷியல் என்று ஊகிக்கிறார். ஊரில் ஒரே பெயரில் இரண்டு வீரர்கள் இருந்தால் கதை முடிந்தது. இவர்களைப் பிரித்துக் காட்டுவது படை எண் ஒன்றுதான். உங்கள் பட்டியலில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டமே இல்லை.

அடுத்த இடறல் அச்சில். பட்டியலை யூனிகோடில் அடித்து, பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். மணல் வீசும் முன் கல்லில் ஒட்டும் ரப்பர் ஸ்டென்சிலை வெட்டும்போது எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் ண, ஞ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் ரப்பர் துணுக்கு மணல் வேகத்தில் பிய்ந்து போகும். இதையெல்லாம் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்து, பெயருக்குரிய வீட்டாரிடம் காட்டி, ஒவ்வொரு பெயரின் எதிரிலும் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் கேட்பது இது ஒன்றைத்தான்: வெட்டும் முன் காட்டுங்கள்.

சிறப்பு விருந்தினர்கள் பெயர் பொறித்த திறப்பு விழாக் கல்வெட்டில் மட்டும் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை என்பதையும் கவனித்தோம். எழுத்தும் அங்கே பெரிது. ஆக, சரிபார்க்கும் முறை உங்களுக்குத் தெரியாதது அல்ல.

விடுபட்ட பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆவணங்கள் வெலிங்டனில் உள்ளன. அங்கே கேட்டதோடு நிறுத்திக்கொண்டீர்கள். மெட்ராஸ் சாப்பர்கள் எனும் பொறியாளர் படைக்குப் பெங்களூரு, சிக்னல் படைக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக், மருத்துவப் படைக்கு லக்னோ என்று பதிவு அலுவலகங்கள் தனித்தனி. கடற்படை, விமானப்படைக்கு வேறு. குடும்ப ஓய்வூதியப் பட்டியலை மட்டும் நம்பினால், மணமாகாமல் இறந்த பையன்கள் பெற்றோர் காலத்துக்குப் பிறகு அதில் தென்பட மாட்டார்கள். இறந்தவர்களில் அந்த வயதுக்காரர்கள் குறைவா?

இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப் படையில் 1987 முதல் 1990 வரை இறந்தவர்கள் பெயர்கள் மொத்தமாகவே இல்லை. அது ‘அறிவிக்கப்பட்ட போர் அல்ல’ என்றீர்களாம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அங்கே 1987 நவம்பர் 25 அன்று உயிர்விட்டதற்குத்தான், எதிரியின் முன் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா தரப்பட்டது. இந்திய அமைதிப் படையினருக்குக் கொழும்பு அருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்கள் பிறந்த ஊரில் ஒரு வரிக்கு இடமில்லை. அரசியல் சங்கடம் புரிகிறது. போகச் சொன்ன இடத்துக்குப் போன சிப்பாய் அந்தச் சங்கடத்துக்கு எப்படிப் பொறுப்பாவான்?

கோபம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். பணிவோடு கேட்கிறோம். பிழையான பலகையை ஒட்டுப் போடாமல் புதிதாக, ஆளுக்கொரு கல்லாகச் செய்யுங்கள். வெட்டும் முன் பட்டியலை, படை எண், பிரிவு, இறந்த தேதியோடு, மாநகராட்சி அலுவலகத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். திருத்தம் சொல்ல வருபவரிடம் சான்றிதழ் கட்டைக் கேட்டு அலையவிடாமல், படை எண்ணை வாங்கி நீங்களே பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிந்தி வரும் பெயர்களுக்குச் சுவரில் இடம் விடுங்கள். அந்தப் பெரியவர் வீட்டுக்குக் காகித அச்சை எடுத்துக்கொண்டு குழுவில் ஒருவர் நேரில் போக வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்