மேகம் பத்தி பேச வந்த பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கதிர்வீச்சு, மேகம், காலநிலைன்னு எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல மாநாடு நடத்திட்டு இருக்குற அமைப்புக்குழு ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நேத்து சாயங்காலம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதனால முழுசா எழுதல. நோட்டீஸ்ல "பொதுமக்களுடன் கலந்துரையாடல், மாலை 4 மணி"ன்னு போட்டிருந்தீங்க, அத நம்பி குலசேகரம், அருமனை பக்கத்துலேர்ந்து நாங்க கொஞ்ச பேரு வந்தோம், கடப்புறத்து மீனவ ஊருங்கள்லேர்ந்தும் ஆளு வந்திருந்தாங்க, வந்து பாத்தா ஹால் பூட்டிக்கெடக்கு. டெலிகேட்ஸ் எல்லாரும் சூரிய அஸ்தமனம் பாக்க பஸ்ல கெளம்பிட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அப்புறம் மேகம் மறைச்சு அஸ்தமனம் ஒண்ணும் தெரியலன்னு கேள்விப்பட்டோம். சந்தோஷப்பட்டோம்னு சொன்னா தப்பா நெனைக்காதீங்க.

நாங்க கேக்குறது ஒண்ணுதான். நாளைக்கு கடைசி நாள். அதுல ஒரு மணி நேரம் ஒதுக்கி எங்க கேள்விக்கு தமிழ்ல பதில் சொல்லுங்க.

நான் ரப்பர் மரத்துல பட்டைய கீறி பால் எடுக்குற வெட்டுக்காரன். விடியுறதுக்கு முன்னால தலையில லைட்ட கட்டிட்டு தோட்டத்துல எறங்கணும், குளிர்ச்சியா இருக்குறப்பதான் பால் நல்லா ஒழுகும், வெயில் ஏற ஏற நின்னுபோவும். அந்த இருட்டுல மேல பாத்தா நட்சத்திரம் ஒண்ணும் தெரியாது, மேகம் நிக்குதுன்னு புரியும், அது பெய்யுற மேகமா சும்மா போற மேகமான்னு யாருக்குத் தெரியும்? வெட்டலன்னா அன்னிக்கு கூலி கெடையாது. வெட்டுனதுக்கு அப்புறம் மழை பிடிச்சா அதவிட மோசம், பட்டை நனைஞ்சா பால் வெட்டுன கோட்டோட எறங்காது, மரத்துத் தடியெல்லாம் பரந்து வழிஞ்சு வேருக்குப் போயிடும், சிரட்டையில விழுந்த கொஞ்சமும் மழைத்தண்ணியோட நெறஞ்சு வெளிய சாடும். மண்ணுல வெள்ளையா ஓடுறத பாத்துட்டு கத்தியோட நிக்கணும். ரெயின்கார்டு, அதான் வெட்டுல மழை படாம மரத்துல ஒட்டுற பிளாஸ்டிக் மறைப்பு, ஒட்டலாமேன்னு கேப்பீங்க, ஒட்டலாம், ஆனா பால உறைய வச்சு அடிக்குற ரப்பர் ஷீட்டுக்கு வெலை இல்லாத வருஷம் பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் காசு எறக்க எந்த முதலாளி வருவாரு? தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் எங்களுக்கு உண்டு, அதனால இந்த சூதாட்டம் வருஷத்துல பாதி நாள் நடக்குது.

போன்ல வர்ற அறிவிப்ப பாத்தா "கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்"னு இருக்கும். ஆரல்வாய்மொழியில காத்தாடி சுத்திட்டு தரை காஞ்சு கெடக்கும், அதே நேரம் பேச்சிப்பாறையில கொட்டித் தீக்கும். எது ஓரிடம், எது ஈரிடம்?

எம்மவ பிசிக்ஸ் படிக்குறா, உங்க மாநாட்டு புத்தகத்த வாசிச்சு எனக்கு சொன்னா. பகல்ல மேகம் வெயில திருப்பி அனுப்பும், ராத்திரியில தரையோட சூட்ட மேல போக விடாம பிடிச்சு வைக்கும், ரெண்டையும் கூட்டிக் கழிச்சா பூமிய குளுர வைக்கிறதுதான் அதிகமாம். 1989லயே சாட்டிலைட் கணக்க வச்சு இத காட்டுனது ராமநாதன்னு ஒருத்தரோட குழு, அவரு அண்ணாமலை யுனிவர்சிட்டியில படிச்ச நம்ம ஆளு. ஆனா பூமி சூடாகும்போது மேகமும் மாறி அந்த சூட்ட இன்னும் கூட்டத்தான் செய்யும்னு 2021ல ஐபிசிசி, அதான் ஐ.நா.வோட காலநிலைக் குழு, ரிப்போர்ட் சொல்லுது, எவ்வளவு கூட்டும்ங்குறதுலதான் இன்னும் இழுபறியாம். இவ்வளவையும் அவ அடுக்களையில நின்னுட்டே சொல்லிட்டா, எனக்கும் புரிஞ்சுது, அப்போ உங்களால முடியாதா?

என் கேள்வி இதுதான். எங்க மலையடிவாரத்துல விடியக்காலம் முன்னெல்லாம் நடுங்கும், இப்ப புழுங்குது. ராத்திரி நிக்குற மேகத்தாலயா, காத்துல ஈரம் கூடுனதாலயா, இல்ல ரெண்டுமா? இனி வர்ற வருஷங்கள்ல காலை மழை கூடுமா, சாயங்கால மழை கூடுமா? சாயங்காலம் எவ்வளவு பெஞ்சாலும் எனக்கு கவலையில்ல, அதுக்குள்ள வெட்டு முடிஞ்சு ஷீட்டும் அடிச்சிருக்கும். "இன்னும் கண்டுபிடிக்கல"ன்னு சொன்னாலும் பரவாயில்ல, அத எங்க முகத்த பாத்து தமிழ்ல சொல்லுங்க.

முந்தாநாள் ஒரு ஸ்லைடுல ஒக்கி புயல் போன பாதைய கலர் கலரா காட்டுனீங்களாம். 2017 நவம்பர் கடைசியில அந்தப் பாதையில நடுக்கடல்ல கெடந்தது எங்க கடப்புறத்து தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவங்க, எச்சரிக்கை வந்தப்போ அவங்க கரைக்கு எட்டாத தூரத்துல இருந்தாங்க. அவங்க வீட்டு ஆளுங்களும்தான் நேத்து பூட்டுன ஹாலுக்கு வெளிய நின்னது. மேடையில எங்க ஊரு மட்டி வாழைப்பழக் குலை தொங்கவிட்டு போட்டோ எல்லாம் எடுத்தீங்க, நல்லா இருந்துச்சு, பழத்துக்கு உள்ள எடம் இருக்கு, வெளைய வச்சவனுக்கு கேட்டுக்கு வெளியதான் எடம். பேங்க் பாரம் இங்கிலீஷ், இன்சூரன்ஸ் பாரம் இங்கிலீஷ், இப்போ தலைக்கு மேல போற மேகமும் இங்கிலீஷ்லதான் போவுது போல.

சரி, சண்டைக்கு வரல. கோவத்துல ரெண்டு வார்த்தை கூடியிருந்தா பொறுத்துக்கோங்க. வெளியூர்லேர்ந்து வந்த விஞ்ஞானிகள் மேல எங்களுக்கு மரியாதை உண்டு, அவங்களுக்கு தமிழ் தெரியலன்னா வாலண்டியரா நிக்குற எங்க பிள்ளைங்க மொழிபெயர்ப்பாங்க. ஏசி ஹால் வேண்டாம், போர்ட்டிகோவுல நாலு பெஞ்ச் போட்டா போதும். தயவுசெஞ்சு அந்த ஒரு மணி நேரத்த நாளைக்கு குடுங்க, இன்னிக்கு ராத்திரிக்குள்ள கேட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க, கடப்புறத்துக்கு நாங்களே சொல்லி விடுறோம். 11 மணின்னா எங்களுக்கு வசதி, வெட்டு முடிஞ்சு வந்துருவோம். காலையில மழை பெஞ்சா இன்னும் வெள்ளனவே வந்துருவோம்.