அறுபது வயதிலும் சித்தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த தலையங்கம், ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டட வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்கு அந்தக் கோரிக்கையால் பெரிய பயன் விளையாது, ஏனென்றால் அங்கே அந்த ஒரே வேலையைப் பெண்ணின் கையில் கொடுப்பதே இல்லை.

பதினெட்டு வயதில் வேலைக்கு வரும் ஒரு பையன், சில மாதங்கள் கலவை போட்டு, கல் எடுத்துக் கொடுத்து, பிறகு மாலையில் மேஸ்திரியின் கரணையை வாங்கிப் பழகி, மூன்று நான்கு ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறான். அவனோடு அதே நாளில் வந்த பெண்ணோ, சும்மாடு சுற்றி மணலும் ஜல்லியும் சுமக்கத் தொடங்கி, இடுப்பு விட்டுப்போகும் வரை சித்தாளாகவே இருக்கிறாள். அவளை யாரும் வெளிப்படையாகத் தடுப்பதில்லை, கற்றுக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வீடு கட்டியபோது, மாடிப்படிக்கு அடியில் குனிந்து மட்டுமே நுழையக்கூடிய ஒரு மூலையைப் பூசாமல் கொத்தனார்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு நாள் மாலை அவர்கள் கைகால் கழுவப் போன பிறகு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சித்தாள் வேலை பார்த்துவந்த ஓர் அம்மா, சட்டியில் மிஞ்சிய கலவை வீணாகிறதே என்று உள்ளே நுழைந்து, கரணையால் அடித்து, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, அந்த மூலையை முடித்துவிட்டு வந்தார். மறுநாள் மேஸ்திரி கையால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு பூசினது இது?" என்று கேட்டார்; விவரம் தெரிந்ததும் சிரித்தார். சனிக்கிழமை அந்த அம்மாவுக்குக் கிடைத்தது வழக்கமான சித்தாள் கூலி, அதாவது கொத்தனார் கூலியில் பாதிக்குச் சற்று மேல். பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான்தான். அன்று எனக்கும் அது தவறாகப் படவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்பதையே அளவுகோலாக வைத்தது. சுமக்கிறவரும் பூசுகிறவரும் வேறு வேறு வேலை செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அந்த அளவுகோல் அங்கேயே நின்றுவிடும். இதை உணர்ந்துதானோ என்னவோ, 1987இல் கொண்டுவந்த திருத்தத்தில், பதவி உயர்விலும் பயிற்சியிலும் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று சேர்த்தார்கள். அதன் பெயரால் எந்த மேஸ்திரியும் கேள்வி கேட்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை என்றாலும், சட்டத்தில் அந்தச் சொல்லாவது இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் கூலியும், வேலைக்கு எடுப்பதும், பொதுவாக வேலை நிபந்தனைகளும் பேசப்படுகின்றனவே தவிர, பயிற்சி என்ற சொல்லை அந்தப் பிரிவில் காணோம்.

பெண்களுக்குக் கற்கும் ஆர்வம் இல்லை என்று மேஸ்திரிகள் சொல்வதுண்டு. பையன்கள் பழகுவது வேலை முடிந்த பிறகான அரைமணி நேரத்தில். அந்நேரத்தில் பெண்ணுக்குக் குழாயடியும் அடுப்பும் பள்ளி விட்டு வந்த பிள்ளையும் காத்திருக்கும். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொன்னது, ஆனால் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்த இடத்தில் மட்டுமே. நம் தெருவில் எழும் வீட்டில் இரண்டு மூன்று சித்தாள்களுக்கு மேல் ஏது?

ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்கீழ் கழிப்பறை கட்ட ஊர்ப் பெண்களுக்கே கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்ற பெயரும் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போக வழியில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் நம்மிடம் இருக்கிறது; கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் அதற்கு நல நிதியாகச் சேர்கிறது. அந்தப் பணத்திலிருந்து, கொத்து வேலை பழக வரும் சித்தாள்களுக்கு அன்றன்றைய கூலியைக் கொடுத்து, பகல் நேரத்திலேயே பயிற்சி நடத்த வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு யாரும் பயிற்சிக்கு வர மாட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு அரசு நிதியில் கட்டப்படும் ஊரக வீடுகளில் கொத்தனார் கூலிக்கே வேலை தருமாறு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வாரிய அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'கொத்தனார்' என்று பதிவு பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை