பசை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் ஒட்டிவிட்டீர்கள்

பெறுநர்: மேலாளர், ஃப்ரேம் பிரிவு

பொருள்: 1776, 1830 ஆண்டுகளின் இரண்டு தாள்கள் பசையால் பாழானது குறித்து

ஐயா,

சென்ற மாதம் ஃப்ரேம் போட உங்களிடம் இரண்டு தாள்கள் கொடுத்தேன். ஒன்று, 1776 பிப்ரவரி 17 தேதியிட்ட கான்டினென்டல் நோட்டு, அதாவது அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ் வெளியிட்ட காகிதப் பணம்; மதிப்பு ஒரு டாலரில் மூன்றில் ஒரு பங்கு. இன்னொன்று, கால்வெஸ்டன் பே அண்ட் டெக்சாஸ் லேண்ட் கம்பெனி 1830 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியிட்ட நில ஸ்கிரிப், அதாவது டெக்சாஸில் நிலம் பெறலாம் என்று விற்ற சீட்டு. “பசை கூடாது, மூலைகளில் காகித உறை மட்டும். நோட்டுக்கு இரு பக்கமும் கண்ணாடி” என்று ஆர்டர் படிவத்தில் எழுதினேன். உங்கள் ஊழியர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

நேற்று பிரித்துப் பார்த்தால், நோட்டின் பின்பக்கம் முழுக்க அட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. முன்பக்கத்துச் சூரியக் கடிகாரம் அழகுதான். ஆனால் நான் பல வருடம் தேடி வாங்கியது பின்பக்கத்துக்காக. ஒவ்வொன்றிலும் ஒரு காலனியின் பெயரோடு 13 வளையங்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். நடுவில் ‘நாங்கள் ஒன்றே’ என்ற வாசகம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு நாலரை மாதம் முன்பே அச்சிட்டுவிட்டார்கள்! கள்ள நோட்டைத் தடுக்க அந்தத் தாளில் மைக்கா துகள் கலந்தார்கள். விளக்கருகே சாய்த்துப் பிடித்து இரு பக்கமும் அந்த மினுக்கத்தைப் பார்ப்பேன். இனி ஒரு பக்கம்தான்.

அப்புறம் ஸ்கிரிப். 177 ஏக்கரும் சொச்சமும் என்று அச்சிட்ட வரி, பசையின் ஈரத்தில் அலையலையாக நெளிந்துவிட்டது. கீழே பேனாவால் போட்ட கையெழுத்துகளில் ஒன்று கலங்கியிருக்கிறது. அமெரிக்கர்கள் டெக்சாஸில் குடியேறுவதை அதே 1830 ஏப்ரலில், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட மெக்சிகோ தடுத்துவிட்டது. ஸ்கிரிப் வாங்கியவர்களுக்கு அது நிலப் பட்டாவாகவும் இல்லை. காசு கொடுத்தவர்கள் கையில் மிஞ்சியது இந்தத் தாள்தான். அதைப் போய் இப்படிச் செய்யலாமா?

தொலைபேசியில் பேசியபோது, வேறு ஃப்ரேம் பாதி விலைக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு ஃப்ரேம் வேண்டாம். கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். நான் தேர்ந்தெடுக்கும் காகிதப் பராமரிப்பு நிபுணரின் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். தயவுசெய்து தண்ணீரோ சூடோ வைத்துப் பிரித்துத் தருவதாக யாரும் சொல்ல வேண்டாம். தாள்களை இனி உங்கள் கடைக்கு அனுப்ப மாட்டேன்.

எந்தப் பசை பூசினீர்கள் என்பதை இந்த வாரத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அது தெரியாமல் நிபுணர் கை வைக்க மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்