கப்பி குட்டி போட்ட பிறகு என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிள்ளைகளின் கோடை விடுமுறை பற்றி வந்த கட்டுரையில், ஒரு ஜோடி கப்பி மீன் வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டால் போதும், வேறு வேலையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பதினாறு வருடமாக வீட்டுக் கூடத்தில் கப்பி, பிளாட்டி என்று குட்டி போடும் மீன்களை வளர்க்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பையனுக்கு எட்டு வயது. போன வருடம் இப்படித்தான் கிண்ணத்தோடு இரண்டு மீன் வாங்கிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது, இரண்டும் மேலே மிதந்தன. "ஆன்ட்டி, நான் மூணு வேளையும் ஒழுங்காத்தான் சாப்பாடு போட்டேன்" என்று அழுதான். அவன் மேல் என்ன தப்பு? மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அம்மோனியா என்னும் விஷமாக மாறும். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஃபில்டர் இல்லாத சின்னக் கிண்ணத்தில் அதற்கு இடமும் இல்லை, அவகாசமும் இல்லை. இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்தது, குட்டி. கடைத் தொட்டியில் ஆணும் பெண்ணும் கலந்தே கிடப்பதால், நாம் வாங்கி வரும் பெண் கப்பி பெரும்பாலும் சினையாகத்தான் இருக்கும். ஒரு தடவை சேர்ந்தாலே போதும், அப்புறம் ஆணே இல்லாவிட்டாலும் சில மாதங்களுக்கு அடுத்தடுத்துக் குட்டி போடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு ஈற்று. இளம் மீன் பத்துப் பதினைந்து போடும், நன்றாக வளர்ந்தது ஐம்பதுகூடப் போடும்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை, பால் பாக்கெட் எடுத்து வந்த கையோடு தொட்டிப் பக்கம் போனேன். வயிறு சதுரமாகி, வால் பக்கத்து வயிற்றடியில் உள்ள கரும்புள்ளி பெரிதாகி, இரண்டு நாளாக ஃபில்டர் மூலையிலேயே நின்றிருந்த மஞ்சள் கப்பி உடம்பை ஒரு தரம் உதறியது. சுருண்ட துளி ஒன்று கீழே இறங்கியது. மணலைத் தொடுவதற்குள் அது விரிந்து, இரண்டு கண்ணும் ஒரு வாலுமாகி, ஜாவா மாஸ் என்னும் பாசிக்குள் பாய்ந்து ஒளிந்துகொண்டது. அடுத்து வந்ததைத் தாயே திரும்பி விழுங்கிவிட்டது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அந்த நேரத்தில் மூச்சு நின்றுதான் போகிறது.

இதற்குப் பயந்து பலர் சினை மீனைச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் நாள்கணக்கில் அடைத்துவைக்கிறார்கள். அந்த மிரட்சியே அதற்கு ஆகாது. பாசியை அடர்த்தியாகப் போடுங்கள், பாதிக் குட்டியாவது தப்பிக்கும். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி ஊசிமுனை அளவு கரைத்து விட்டால் முதல் வாரத்துக்குப் போதும், கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் கெட்டுவிடும். வாரம் ஒரு தடவை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மறக்கக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம், இந்த மீன்களுக்குக் கடினத் தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

சரி, குட்டிகள் பிழைத்து நாற்பது ஐம்பது ஆகிவிட்டால்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பக்கெட்டில் எடுத்துப் போய் ஏரியில் விட்டுவிட்டு, புண்ணியம் செய்ததாகச் சொன்னது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொசுப் புழுவைத் தின்னும் என்று 1928இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீனும் கப்பியைப் போலக் குட்டி போடுவதுதான். உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியலில் இன்று அது இருக்கிறது. நம் ஏரி மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். கப்பியும் இந்த மண்ணுக்குரியதல்ல, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. ஏரிக்கு அதைக் கொண்டுபோகும் வேலை நமக்கு வேண்டாம். நான் நான்காவது வாரத்திலேயே ஆண் பெண் பிரித்துவிடுகிறேன். மிஞ்சுவதைக் கொளத்தூர்க் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தீனி வாங்கி வருகிறேன்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறவர்கள் ஆண் கப்பி மட்டும் ஐந்தாறு கேட்டு வாங்கலாம். நிறமும் வாலும் ஆணுக்குத்தான் அழகு, குட்டித் தொல்லையும் கிடையாது. உங்கள் இணைப்பில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

மாடிப் பையனுக்கு இந்தத் தடவை இரண்டடித் தொட்டி வந்திருக்கிறது. அந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கும் என் தொட்டியின் பழைய ஸ்பான்ஜை அவன் ஃபில்டரில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். முதலில் இரண்டு மீன்தான் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீல வால் இரண்டைத் தானே பிடித்துக்கொள்வானாம், வலையை இப்போதே வாங்கி வைத்துவிட்டான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
வில்லிவாக்கம், சென்னை