பின்வாசல் படிகளைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பின்வாசலிலிருந்து செங்கல் முற்றத்துக்கு இறங்கும் படிகளுக்காக நீ அனுப்பிய வரைபடத்தையும் ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த வேலை விவரத்தையும் நிதானமாகப் படித்தேன். கல்லின் நிறம், அடுக்கும் விதம், ஓரத்தில் வைக்கும் விளக்கு ஆகியவற்றுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். படிக்கு அடியில் என்ன போடப் போகிறார் என்பதற்குத் 'தகுந்த அடித்தளம்' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிட்டார். வெளிப்படிகள் பெரும்பாலும் அடியில் மண் இறங்குவதாலும், நீர் புகுவதாலும், முன்விளிம்புக் கற்கள் கழன்றுவிடுவதாலும் கெடுகின்றன. ஆகவே மேலே தெரியும் கல்லுக்கென்று நீ ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஒரு பங்கைக் குறைத்தாவது கண்ணுக்குத் தெரியாத பகுதியில் செலவிடு என்பதுதான் என் கருத்து.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். 'ஏறக்குறைய இரண்டடி' என்று எழுதியிருக்கிறாய். அது கணக்குக்கு உதவாது. கதவடியில் நின்று நேர் கீழே அளந்தாலும் தவறுதான், ஏனென்றால் முற்றம் வீட்டை விட்டு விலகும் திசையில் 50-க்கு 1 என்ற வாட்டத்தில், அதாவது 50 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. இறங்கும்படி, இருக்க வேண்டும். கடைசிப் படி ஒன்றரை மீட்டர் தள்ளி முடிந்தால் அந்த இடத்தில் தரை 3 செ.மீ. தாழ்ந்திருக்கும். எனவே கடைசிப் படியின் அடி எங்கே வருமோ அந்த இடத்தில், செங்கல் பதித்து முடித்த பிறகு இருக்கப்போகும் மட்டத்திலிருந்து, கதவுக்கு வெளியே உள்ள மேடையின் முடிந்த மட்டம் வரை, நீர்மட்டக் குழாயைப் பிடித்து அளக்கச் சொல்.

அந்த அளவு 62 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஏற்றங்களாக, அதாவது ஒரு படியிலிருந்து அடுத்ததற்கான உயரங்களாக, பிரித்தால் ஒன்றுக்கு 15.5 செ.மீ. என்று ஒப்பந்தக்காரர் உடனே சொல்லிவிடுவார். ஆனால் மழைநீர் தேங்காமல் வழிய ஒவ்வொரு மிதியையும், அதாவது கால் வைக்கும் பரப்பையும், 50-க்கு 1 என முன்பக்கம் சாய்க்க வேண்டும் என்பதையும், நான்கு ஏற்றங்களுக்கு நடுவில் மூன்று மிதிகள் வருகின்றன என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். மிதி 34 செ.மீ. ஆழமென்றால் மூன்று மிதிகளின் சாய்வே 2 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும், மீதி 60 செ.மீ.-ஐத்தான் நான்கால் வகுக்க வேண்டும், அதாவது ஏற்றம் 15 செ.மீ. இந்த 2 செ.மீ.-ஐ மறந்தால் கடைசி ஏற்றம் மட்டும் அந்த அளவு குறைந்துவிடும். மற்ற படிகளில் பழகிய கால், அளவு மாறும் அந்த ஒரே படியில் இடறும்; இருட்டில் கையில் பொருளோடு இறங்குகிறவருக்கு அது ஆபத்து. ஏற்றங்களுக்குள் வேறுபாடு 1 செ.மீ.-ஐத் தாண்டவே கூடாது, அரை செ.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

ஏற்றத்தின் இரு மடங்கோடு மிதியின் ஆழத்தைக் கூட்டினால் 60 முதல் 65 செ.மீ.-க்குள் வர வேண்டும் என்பது படி கட்டுவோரின் பழைய வாய்பாடு. 15-உம் 34-உம் 64 ஆகிறது; பொருந்துகிறது. ஆனால் உன் முற்றத்தில் இடம் இருப்பதால் ஐந்து ஏற்றங்களாக்கினால் இன்னும் நன்றாக அமையும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ தேர்ந்தெடுத்த செங்கல் 20 செ.மீ. நீளம்; நடுவில் 1 செ.மீ. கலவை விட்டு இரண்டை முன்பின்னாக வைத்தால் மிதி 41 செ.மீ. வரும், ஒரு கல்லைக்கூட ஆழத்துக்காக வெட்ட வேண்டியிருக்காது. நான்கு மிதிகளின் சாய்வு 3.3 செ.மீ. போக, ஏற்றம் ஒன்றுக்கு 11.7 செ.மீ.; வாய்பாட்டின்படி கூட்டினால் 64.4. நான்கு மிதிகளுக்கும் சேர்த்து 164 செ.மீ. நீளம் தேவைப்படும், முந்தைய கணக்கில் 102 தான். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க முடிந்தால் குழந்தைக்கும், மூட்டு வலியோடு உங்கள் வீட்டுக்கு வருகிற எங்களுக்கும் அது வசதி.

இனி அடியில் உள்ளதைப் பார்ப்போம். வீட்டுச் சுவரை ஒட்டிய மண் பெரும்பாலும் இயற்கையான மண் அல்ல. அஸ்திவாரம் தோண்டிய குழியை மீண்டும் நிரப்பிய மண். அதை எவரும் ஒழுங்காகத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) போட்டு இறுக்கியிருக்க மாட்டார்கள், ஆகவே அது பல ஆண்டுகள் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். உன் படிகள் சரியாக அந்த மண்ணின் மேல்தான் உட்காரப் போகின்றன. அதோடு உன் பகுதியில் குளிர்காலத்தில் நிலம் உறைகிறது. நீர் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதோடு, உறைந்த அடுக்கு கீழிருந்து மேலும் நீரை இழுத்துப் பனிக்கட்டிப் படலங்களாக வளர்வதால், ஆழமில்லாத அடித்தளத்தை அப்படியே தூக்கிவிடும். எனவே நிரப்பிய மண்ணைக் கடந்து கெட்டியான பழைய மண் வரையிலும், நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே வரையிலும் அடித்தளம் இறங்க வேண்டும். அந்த ஆழம் எவ்வளவு என்பதை உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

படிகளையும் முற்றத்தைப் போலவே ஜல்லி, மணல் மேல் கலவையில்லாமல் பதிக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். முற்றத்துக்கு அது மிகப் பொருத்தமான முறை. ஏதாவது ஒரு மூலை இறங்கினாலும் கற்களைப் பெயர்த்துச் சரிசெய்து மீண்டும் பதிக்கலாம். அங்கே ஒவ்வொரு கல்லையும் நான்கு புறமும் பக்கத்துக் கல் தாங்குகிறது. படியின் முன்விளிம்பில் உள்ள கல்லுக்கோ முன்னால் தாங்க எதுவும் இல்லை. கால் முழு எடையோடு ஊன்றுவதும் அதே கல்லின் மேல்தான். கனமான சுவர்க் கட்டைகளை ஏற்றமாக நிறுத்திப் பின்னால் ஜல்லியை இறுக்கிக் கட்டும் முறையும் இருக்கிறது, கவனமாகச் செய்தால் அதுவும் நிற்கும். ஆனாலும் கம்பி கட்டிய கான்கிரீட்டில் படி வடிவத்தை வார்த்து, அதன் மேல் செங்கல்லைக் கலவையில் பதிப்பதையே நான் விரும்புவேன். கான்கிரீட்டில் தண்ணீர் சிமெண்டின் எடையில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உறைபனிப் பகுதிக்கென்று நுண்காற்றுக் குமிழிகள் சேர்த்த கலவையாகவும் இருக்க வேண்டும். வார்த்த பின் ஏழு நாளாவது ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். முன்விளிம்பில் கல்லின் நீளம் முன்பின்னாகப் போகும்படி, அதாவது 20 செ.மீ. உள்ளே பிடித்திருக்கும்படி, வெட்டாத முழுக் கல்லையே வைக்கச் சொல்.

வார்க்கும்போது இன்னொரு கணக்கு தவறும். மிதிகளின் மேல் கல்லும் கலவையும் சேர்ந்து 7 செ.மீ. ஏறினால் எல்லாப் படிகளிலும் அதே அளவு ஏறுவதால் நடுப்படிகளின் வேறுபாடு மாறாது. ஆனால் முற்றத்தின் மட்டமும் மேடையின் மட்டமும் வேறு கணக்கில் வருவதால் முதல் ஏற்றமும் கடைசி ஏற்றமும் குலைந்துவிடும். கான்கிரீட் வார்க்க அச்சுப் பலகை அடிப்பதற்கு முன் முடிந்த மட்டங்களைச் சுவரில் கோடு போட்டுக் காட்டச் சொல்லி, அவற்றை நீயே ஒருமுறை அளந்து பார்த்துவிடு.

படியை வீட்டுச் சுவரோடு கலவை வைத்து ஒட்டக் கூடாது. இரண்டும் தனித்தனியாக அசைபவை. ஒட்டினால் எங்காவது விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக நீர் சுவருக்குள் போகும். நடுவில் 1 செ.மீ. இடைவெளி விட்டு, அமுங்கக்கூடிய பட்டையை வைத்து, மேலே நீர்புகாப் பசையால் அடைக்க வேண்டும். கூரை நீர் இறங்கும் குழாய் படிகளுக்கு அருகில் கொட்டுவதாகப் புகைப்படத்தில் தெரிகிறது. படி வேலை தொடங்கும் முன்பே அதைத் திருப்பிவிடு. அது அங்கேயே கொட்டிக்கொண்டிருந்தால் மேலே நான் எழுதியதெல்லாம் வீண்.

முற்றம் முதலில் இறங்கும் இடம் கடைசிப் படியின் அடிதான். படிக்காகத் தோண்டிய குழியின் ஓரம் அங்கே வருகிறது, படியில் வழியும் நீரும் அங்கேதான் விழுகிறது, இறுக்கும் இயந்திரமும் மூலை வரை போகாது. ஆகவே குழியை 10 செ.மீ.-க்கு மேற்படாத அடுக்குகளாக ஜல்லியால் நிரப்பி, ஓரங்களைக் கையால் திமிசு போட்டே இறுக்க வேண்டும். முற்றம் முழுவதற்கும் இறுகிய ஜல்லி 15 செ.மீ., அதன் மேல் கழுவிய பருமணல் 2.5 செ.மீ. போதும். கல்தூளை மணலுக்குப் பதிலாகப் போட விடாதே. அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழியை ஒழுங்காக இறுக்காமல், பள்ளத்தை மணலால் நிரவிச் சமாளிப்பதும் வழக்கம். அந்த இடம் ஒரு மழைக்காலத்துக்குப் பின் குழிந்துவிடும்.

செங்கல் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை. சுவருக்கான செங்கல் தரைக்கு ஆகாது. உலர்ந்த கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு மீண்டும் எடைபோடு. எடை 8 விழுக்காட்டுக்குமேல் கூடினால் அந்தக் கல் உறைபனியில் செதில் செதிலாக உதிரக்கூடும். குளிர்காலத்தில் பனி உருக்க உப்பைத் தூவாமல், வழுக்காமலிருக்க மணலைத் தூவு. உப்பு கல்லையும் கலவையையும் சேர்த்தே அரிக்கும்.

ஐந்து ஏற்றமென்றால் கைப்பிடி வைத்துவிடு. கம்பம் நிற்கும் குழாயைக் கான்கிரீட் வார்க்கும்போதே பதிக்க வேண்டும். பிறகு விளிம்பருகே துளையிட்டால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

ஒப்பந்தக்காரரிடம் அடித்தளத்தின் ஆழம், ஜல்லியின் கனம், முன்விளிம்புக் கல்லைப் பதிக்கும் முறை ஆகிய மூன்றையும் எண்ணோடு எழுத்தில் வாங்கு. நான் சொன்ன இடத்தில் அளந்த உயரத்தை எனக்கு எழுது. நான்கா ஐந்தா என்று அதைப் பார்த்து முடிவு செய்வோம். அதுவரை கல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா