தாராவியின் தமிழ் மீடியம் டீச்சர்களுக்கு

மதிப்பிற்குரிய டீச்சர்களுக்கும் சார்களுக்கும், வணக்கம்.

நான் 90 அடி சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் வளர்ந்தவள். அப்பா விடியற்காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்பார். எனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தது உங்களைப் போன்றவர்கள்தான். அந்த நன்றி இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1996இல் நாலாம் வகுப்பில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவளின் வாசனை ரப்பரை எடுத்துவிட்டேன். எடுத்தது நான்தான், மறைக்கவில்லை. டீச்சர் ஒரு அட்டையில் 'நான் திருடி' என்று எழுதி, சணலில் கோத்து என் கழுத்தில் மாட்டி, வகுப்பு வகுப்பாக அனுப்பினார். சணல் பின்கழுத்தில் அரித்தது. இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் தம்பி மட்டும் குனிந்து சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வீட்டில் அவன் மூச்சுவிடவில்லை. இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

இப்போது ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கேஷில் பத்து ரூபாய் குறைந்தால், யாரும் கேட்கும் முன்பே என் பையைக் கவிழ்த்துக் காட்டிவிடுவேன். கடையிலிருந்து பில்லைக் கையில் பிடித்தபடிதான் வெளியே வருவேன். போன மாதம் என் மகள் பக்கத்து வீட்டுக் கலர் பென்சில் ஒன்றோடு வந்தாள். நான் போட்ட கூச்சலில் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதனால்தான் இந்த மடல்.

ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இலேயே பிரித்துக் காட்டினார்: குற்ற உணர்வு செய்த காரியத்தைப் பார்க்கும், அவமானம் ஆளையே பார்க்கும். 'தப்புப் பண்ணிட்டேன்' என்று நினைக்கிற பிள்ளை அதைச் சரிசெய்யப் பார்க்கும். 'நானே தப்பு' என்று நினைக்கிற பிள்ளை எதைச் சரிசெய்யும்? ஒளியத்தான் செய்யும்.

"நாங்கள் அடிப்பதே இல்லையே" என்பீர்கள். சரி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. ஒரு வகுப்பைக் கட்டி மேய்க்கிற பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பிள்ளை எதையாவது எடுத்தால் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம், எடுத்ததை அதன் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை. அந்த ரப்பர் டீச்சரின் மேசை டிராயரிலேயே கிடந்தது. அவளுக்கும் அது திரும்பக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி