தம்பியின் அந்த 11 நாள்

அம்மாடி,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பேரனுக்கு ஒன்றுமில்லை, தூக்கத்தில் கைகால் வெட்டி வெட்டித் துள்ளுவது சின்னக் குழந்தைகளுக்குச் சகஜம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது நிம்மதிதான். தூக்கத்தைக் கெடுத்தது நீ கடைசியாகச் சொன்ன வார்த்தை. "சும்மா பயந்துபோய் ஓடிட்டேன்பா, அவர் என்ன நினைச்சிருப்பாரோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் இன்னொரு தடவை கிளம்ப வேண்டி வந்தால் இந்தக் கூச்சம் உன்னை வாசலிலேயே நிறுத்திவிடுமே என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

உன் தம்பிக்குக் கைக்குழந்தையில் வலிப்பு வந்தது உனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க 11 நாள் ஆனது தெரியாது. அந்த 11 நாளும் என்னால் போனவை.

அவனுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஒருநாள் காலை தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் தொங்கியது. இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்தன, முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கியது. ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. உடனே தளர்ந்துவிட்டான். யாரோ அதட்டியதுபோல முழித்தான். சரி, எதற்கோ திடுக்கிட்டான் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் மறுபடியும் அதே குனிவு. கொஞ்சம் இடைவெளி, திரும்பவும். உன் அம்மா எண்ணினாள், 14 தடவை. முடிந்ததும் வீறிட்டு அழுதான். பால் குடித்தான். பகல் முழுக்க ஒன்றுமே நடக்காததுபோல இருந்தான்.

அம்மா அன்றைக்கே "இது சரியில்லைங்க" என்றாள். நான் "வாயுவா இருக்கும், எல்லாத்துக்கும் பயப்படாதே" என்றேன். மூன்றாம் நாள் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் முன்னால் இந்தப் பயல் பொக்கைவாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டு கிடந்தான். வயிற்று வலிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் அம்மா ஏதாவது சொன்னாலே "டாக்டரே சொல்லிட்டார்ல" என்று வாயை அடைத்துவிடுவேன். இன்றுவரை அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் சண்டை போடவில்லை. உன் ஸ்லேட்டுப் பையில் கிடந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தாள். "6.10, எழுந்ததும், 14." "மத்தியானம் தூங்கி எழுந்து, 11." எட்டாவது நாள் வாக்கில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கலை." அதைப் படித்த பிறகும் நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். 11ஆம் நாள் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

இந்தப் புது டாக்டர் பிள்ளையைத் தொடுவதற்கு முன் நோட்டைப் படித்தார். "வரிசையா வருதா? தூங்கி எழுந்ததும் அதிகமா?" இரண்டே கேள்வி. அன்றைக்கே இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார், மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதியும் சோதனை அது. தலை முழுக்கப் பசை வைத்துச் சின்னச் சின்னக் கம்பிகளை ஒட்டினார்கள். விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம், தூங்கவைத்துக் கொஞ்ச நேரம். ஓடிய கோடுகளில் ஒழுங்கே இல்லை, கண்டபடி உயர்ந்தும் தாழ்ந்தும் கிடந்தன. அதற்கு ஹிப்ஸாரித்மியா என்று பெயர். இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்து அவன் தோலில் வெளுத்த திட்டுகள் இருக்கிறதா என்றுகூடத் தேடினார்கள். மூளையிலும் தோலிலும் சேர்ந்து வரும் ஒரு பரம்பரை நோய் இந்த வலிப்புக்குக் காரணமாக இருக்கலாமாம். அவனுக்கு அது இல்லை. காரணம் எதுவும் கடைசிவரை பிடிபடவில்லை. சில குழந்தைகளுக்கு அப்படித்தான்.

நோயின் பெயர் வெஸ்ட் சிண்ட்ரோம். பெரும்பாலும் மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தொடங்கும். ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசோலோன், விகாபட்ரின் என்று மருந்துகள் உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு வளர்ச்சி பாதிக்கப்படாமல் தப்பும் என்றார் டாக்டர். தம்பிக்கு ஊசியில் நின்றது. மூன்று வயது தாண்டித்தான் வாய் திறந்து பேசினான். இப்போது வாய் ஓய்வதில்லை, அது வேறு கதை. அந்த 11 நாள் அவனிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டதா என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. நான் மட்டும் மனதுக்குள் அளந்துகொண்டே இருக்கிறேன்.

ரொம்ப நாள் கழித்து அந்த வெஸ்ட் யார் என்று தேடிப் படித்தேன். வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், இங்கிலாந்தில் டாக்டராக இருந்தவர். 1841இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வரும் குழந்தை அவருடைய சொந்த மகன். தலை லேசாக முன்னால் ஆடியதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். ஒரு டாக்டருக்கே அப்படி என்றால் என்று எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குக் கொடுக்க மருந்து இல்லை, எனக்கு இருந்தது.

இப்போது பேரன் விஷயம். தூக்கத்தில் மட்டும் துள்ளுகிறான், எழுப்பினால் உடனே நின்றுவிடுகிறது என்பதால்தான் அது பயமில்லாதது. சில மாதங்களில் தானே போய்விடும். கையோ காலோ நடுங்கினால் மெல்லப் பிடித்து மடக்கிப் பார். வெறும் நடுக்கம் பிடித்தால் நிற்கும். வலிப்பு உன் கைக்குள்ளும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் இதை வைத்து நீயே தீர்ப்புச் சொல்லிவிடாதே, டாக்டரிடம் சொல்ல ஒரு தகவல், அவ்வளவுதான். இந்த வயதுக் குழந்தைக்கு வலிப்பு என்றால் நுரை தள்ளி, உடம்பெல்லாம் உதறும் என்று காத்திருக்கக் கூடாது. கண் ஒரே பக்கமாகக் குத்திட்டு நிற்கலாம். சும்மாவே வாயைச் சப்புக்கொட்டலாம். சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை ஆட்டலாம். ஒரு கை மட்டும் தாளம் தப்பாமல் வெட்டலாம். மூச்சு நின்று நின்று வரலாம். சர்க்கரையோ கால்சியமோ குறைந்தாலும், மூளையில் கிருமி தொற்றினாலும் இப்படி வரும். அதனால் ஆறு மாதத்துக்குள் வலிப்பு என்று சந்தேகம் வந்தாலே விடியட்டும் என்று இருக்காதே, நேரே ஆஸ்பத்திரி.

தம்பிக்கு வந்ததுபோல வரிசையாக வந்தால், நடுவில் பிள்ளை எவ்வளவு நன்றாகச் சிரித்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேட்கலாம் என்று விடாதே.

ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயது வரைக்கும் காய்ச்சலில் ஜன்னி வரலாம். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும், பார்ப்பதற்குத்தான் உயிர் போகும். எந்த வலிப்பாக இருந்தாலும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தரையில் ஒருக்களித்துப் படுக்க வை, கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்து, கடிகாரத்தைப் பார். அழுத்திப் பிடிக்காதே. வாயில் விரல், ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். முழுக்கத் தெளியும்வரை பாலும் கொடுக்காதே, புரையேறிவிடும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு சரியாக இல்லையென்றாலோ, நின்று மறுபடி வந்தாலோ, தெளியவே இல்லையென்றாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடு. முதல் தடவை என்றால் அரை நிமிடத்தில் நின்றாலும் உடனே காட்டியே ஆக வேண்டும். காய்ச்சல் மருந்து பிள்ளையின் உடம்பு நோவுக்குத்தான். அதைக் கொடுத்தோமே, இனி ஜன்னி வராது என்று நினைக்காதே.

அம்மாவுக்கு நோட்டு இருந்தது, உனக்குப் போன் இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் மாப்பிள்ளையை எடுக்கச் சொல். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, முகமும் கைகாலும் சேர்ந்து தெரிகிற மாதிரி. முகத்தை மட்டும் எடுத்தால் பாதிதான் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அதில் பதியட்டும். தனியாக இருந்தால் முதலில் பிள்ளை, அப்புறம்தான் வீடியோ. போனில் டாக்டரிடம் "ஒரு மாதிரி இருக்கான்" என்று சொல்லாதே. "தூங்கி எழுந்ததும் தலை தொங்குது, கை விரியுது, இத்தனை தடவை" என்று அம்மா நோட்டில் எழுதிய மாதிரி சொல்.

நேற்றைய வீடியோவை அழித்துவிடாதே. இனி எப்போது எடுத்தாலும் முதலில் டாக்டருக்கு அனுப்பு. எனக்கு அப்புறம் அனுப்பினால் போதும். அனுப்பினால் நான் "வாயுவா இருக்கும்" என்று சொன்னாலும் சொல்வேன், பழக்கதோஷம்.

அம்மா அந்த நோட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ கேட்டதாகச் சொல்லாதே.

அப்பா